ஒரு கப் தேயிலைக்கும் குறைவு

ஜெஸிந்தாவின் மூக்கு நீலகிரி மாவட்டத்தின் சொத்து. கலெக்டர் ஆபீஸ் பதிவேட்டில் அணைக்கட்டுகளுக்கு அடுத்தபடியாக அதை ஏற்றியிருக்க வேண்டும். ஏனோ விட்டுவிட்டார்கள்.

கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் அந்த அம்மிணி டீ மேக்கராக இருந்தார். வண்டியில் வந்து இறங்கும் பச்சை இலை தூளாகி மூட்டைக்குள் போகும்வரை பொறுப்பெல்லாம் டீ மேக்கருடையது. நான் அங்கேயே இலையை உலர்த்தும் டிரையர் பார்த்தவன், பெயர் லிங்கசாமி. முப்பத்தோரு வருஷம் அந்த அனலில் நின்றவன் என்பதால், ரிட்டயர் ஆன பிறகும் உறைபனி விழும் ஜனவரிக் காலையில் வெறும் பனியனோடு பால் வாங்கப் போகிறேன். என் மனைவி இதை மறுப்பாள். அவளை நம்ப வேண்டாம்.

மூக்குக்கு வருகிறேன். அரைத்த இலையைப் பரப்பிக் காற்றாட விட்டால் பச்சை நிறம் மெல்ல மெல்லச் செம்பு நிறமாகும். புல் வாடை போய் ஒருவிதப் பழ வாசனை எழும். அது எழுகிற நிமிஷத்தில் இலையை டிரையருக்குள் தள்ளிவிட வேண்டும். முந்தினால் டீ பச்சையாகக் கசக்கும். பிந்தினால் புளித்துப் படுத்துவிடும். அந்த நிமிஷம் எது என்று சொல்ல எங்கள் ஃபேக்டரியில் மிஷின் கிடையாது. ஜெஸிந்தா குனிவார், ஒரு பிடி அள்ளி முகர்வார், "லிங்கண்ணா, தள்ளுங்க" என்பார். தள்ளுவேன். குன்னூர் ஏலத்தில் எங்கள் தூளுக்குக் கை தூக்காதவர்கள் கைவலிக்காரர்கள் மட்டுமே.

முகர்ந்தே இலை எந்தப் பக்கத்தது என்று சொல்வார். "இது எமரால்டு இலை, பக்கத்துக் காட்டுல யாரோ பூண்டு போட்டிருக்காங்க" என்பார். விசாரித்தால் பூண்டுதான். இலை பறித்த அம்மாள் காலையில் வீட்டுக்காரரோடு சண்டை போட்டாரா, யார் ஜெயித்தது என்பதுவரை சொல்வார். இந்தக் கடைசி வரி மட்டும் நான் சேர்த்தது. மற்றதெல்லாம் சத்தியம்.

அந்த மூக்கு இரண்டாயிரத்து ஒன்பதில் காணாமல் போனது. ஒரே நாளில் போயிருந்தால் தேடியிருப்போம். அது சொட்டுச் சொட்டாகப் போனது. முதலில் ஜெஸிந்தாவின் நடை குறைந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுகிறவர், ஒவ்வொரு படியிலும் நின்று அதனிடம் அனுமதி கேட்டு ஏறினார். பிறகு குரல் கரகரத்தது. முகம் உப்பியது. மத்தியானம் ரெஜிஸ்டர் மேலேயே கண் சொருகினார். நாற்பத்தாறு வயது. ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். வயசு என்றார்கள். மகளை மைசூரில் கட்டிக்கொடுத்த ஏக்கம் என்றார்கள். பனி என்றார்கள்.

பனி என்று சொன்னதுதான் பெரிய தப்பு. அந்தத் தப்பை மலைக்காரர்களான எங்களால் மட்டும்தான் செய்ய முடியும். கீழே மேட்டுப்பாளையத்தில் ஒரு பெண் சித்திரை வெயிலில் ஸ்வெட்டரும் மப்ளருமாக நின்றால் தெருவே கூடி என்ன ஏது என்று கேட்டிருக்கும். இங்கே ஸ்வெட்டர் போடாதவனைத்தான் நிறுத்தி விசாரிப்பார்கள். ஜெஸிந்தா ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டார், பிறகு மூன்று. எவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் திரும்பிப் பார்த்தது டிரையர் முன்னால். நூற்றிருபது டிகிரி சூட்டுக் காற்று ஓடும் இடம் அது. அடுப்புக்கு விறகு போடும் ஆறுக்குட்டி துண்டு மட்டும் கட்டிக்கொண்டு, குளித்துவிட்டு வந்தவன் மாதிரி சொட்டச் சொட்ட நிற்பான். அங்கே வந்து ஜெஸிந்தா மூன்று ஸ்வெட்டரோடு கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பல் கிடுகிடுவென்று அடித்தது.

ஆறுக்குட்டி என் காதில் சொன்னான்: "ஏனுங்கண்ணா, அம்மிணிய ஒருவாட்டி டிரையருக்குள்ள உட்டு எடுத்தர்லாமுங்களா?"

"எடுத்தா எந்த கிரேடுல சேர்ப்பே?"

"முதல் தரந்தானுங்க. அவிங்கள டஸ்ட்டுல சேர்த்தா நம்மள உட்ருவாங்களா?"

ஜெஸிந்தா காதில் அது விழுந்தது. பழைய ஜெஸிந்தாவாக இருந்தால் அந்த நொடியே ஆறுக்குட்டியின் மூன்று தலைமுறையையும் இழுத்திருப்பார். இவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். அதற்குள் என்ன சொல்ல வந்தோம் என்பதையே மறந்தவர் போல அப்படியே நடந்துவிட்டார். 

அந்த வாரம் மூன்று லாட் தூள் புளித்து வந்தது. ஃபேக்டரி மானேஜர் சில்வஸ்டர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது மேஜையில் இருக்கும் பேனாவையெல்லாம் வரிசையாக அடுக்குவார். அன்று ஏழு பேனா அடுக்கினார்.

"ஜெஸிந்தாம்மா, இனி என்னால மறைக்க முடியாதுங்க. ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாக்கிழமை முதலாளி வர்றார். பத்துக் கப் வைப்பேன். ஒவ்வொண்ணுலயும் என்ன குறைன்னு நீங்க சொல்லணும். சொல்லிட்டீங்கன்னா ருசி பாக்கற மேஜை உங்களுது. இல்லேன்னா கோயமுத்தூர்ல இருந்து ஒரு பையனை எடுக்கறாங்க. உங்களுக்குப் பேக்கிங்ல இடம் இருக்குங்க."

"சரிங்க சார்" என்றார் ஜெஸிந்தா. வெளியே வந்து பத்தடி நடந்த பிறகு கரகரத்த குரலில் என்னிடம் கேட்டார்: "சாக்குக்கு வாய் தைக்கறதுக்கா லிங்கண்ணா இருபது வருஷம் மோந்தேன்?"

அப்போது ஜனவரி முதல் வாரம். ஈஸ்டருக்கு மூன்று மாதம் இருந்தது.

ஜெஸிந்தாவை டாக்டரிடம் போகச் சொன்னால் போக மாட்டார். "எனக்கென்ன, குளிருதுங்க, அவ்வளவுதான்" என்பார். அதனால் நான் நோயாளி ஆனேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அம்மிணி, எனக்கு ஊசின்னா பயமுங்க, தொணைக்கு வாங்க" என்று கண்ணைச் செருகினேன். என் நடிப்பைப் பார்த்து ஆறுக்குட்டி நிஜமாகவே அழுதுவிட்டான். மனசு கேட்காமல் ஜெஸிந்தா கூட வந்தார்.

டாக்டர் தபித்தாள் வியாழக்கிழமைதோறும் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பார். ஒல்லியான அம்மா. பேச்சுக் கறார், கண் அதைவிடக் கறார். என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை இரண்டு நொடி வைத்தார். "உங்களுக்கு ஒண்ணுமில்ல, எந்திரிங்க" என்றார். பிறகு துணைக்கு வந்த ஜெஸிந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்க புருவத்தோட வால் எப்பலேர்ந்து உதிர்ந்துச்சு?"

ஜெஸிந்தா புருவத்தைத் தடவிப் பார்த்தார். வெளி ஓரம் வழுக்கையாக இருந்தது. தினமும் முகம் பார்க்கும் எங்களில் யாருக்கும் தெரியாதது முதல் நிமிஷத்திலேயே டாக்டர் கண்ணில் பட்டுவிட்டது!

நாடி பிடித்தார். நிமிஷத்துக்கு ஐம்பத்திரண்டு. குதிகால் நரம்பில் ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று துள்ளியது. ஆனால் திரும்பி இறங்க, லவ்டேல் மேட்டில் ஏறும் மலை ரயில் மாதிரி நேரம் எடுத்துக்கொண்டது. கடைசியாக ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, தலையைச் சற்றே தூக்கி ஒரு வாய் விழுங்கச் சொன்னார்.

ஜெஸிந்தா விழுங்கினார். மப்ளர் விலகிய கழுத்தில், தொண்டைக் குழிக்குச் சற்று மேலே ஒரு புடைப்பு மேலே ஏறி, கீழே இறங்கியது.

"பாத்தீங்களா?" என்றார் டாக்டர் என்னிடம், பறவை பார்க்கப் போன இடத்தில் புது இனம் கண்டவர் போல. "இதுதான் தைராய்டு. மூச்சுக்குழாயோட ஒட்டிக்கிட்டிருக்கறதால, விழுங்கும்போது கூடவே ஏறி இறங்கும். வேற கட்டிக பெரும்பாலும் இப்படி ஏறாது."

ரத்தம் எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். நான்கு நாளில் முடிவு வந்தது, அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் போனோம். டி.எஸ்.எச். என்று ஒன்று, நான்கு ஐந்துக்குள் இருக்க வேண்டியது, எழுபத்திரண்டு இருந்தது.

"எச்சா இருந்தா நல்லதுதானுங்களே?" என்றேன்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"டிரையருங்க."

"சூடு இறங்கினா என்ன செய்வீங்க?"

"ஆறுக்குட்டீ, வெறகுன்னு கத்துவேனுங்க."

"சூடு ஏறினா?"

"சும்மா இருப்பேனுங்க."

"ஆறுக்குட்டி எந்திரிக்கவே இல்லேன்னா?"

"டாக்டரம்மா, அன்னைக்கு நான் கத்தறது கோத்தகிரி மார்க்கெட்டுக்குக் கேக்குமுங்க!"

"அதுதான் இந்த எழுபத்திரண்டு" என்றார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். ரத்தத்தில் தைராய்டுச் சரக்கு குறைந்தால் அது கத்தும். கூடினால் வாயை மூடிக்கொள்ளும். அந்தக் கத்தலின் பெயர்தான் டி.எஸ்.எச். ஜெஸிந்தாவின் தைராய்டை அவர் உடம்பே எதிரி என்று எண்ணித் தாக்கி நசுக்கிவிட்டது. சிலருக்கு அப்படி ஆகுமாம், யார் செய்த தப்பும் இல்லையாம். பிட்யூட்டரி கத்திக் கத்தி, கத்தலுக்கு ஈடுகொடுக்கப் பார்த்துச் சுரப்பி வீங்கியதே தவிர வேலை நடக்கவில்லை.

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. முப்பத்தோரு வருஷமாக நான் பார்த்த வேலையை என் தலைக்குள்ளேயே ஒரு பட்டாணி சம்பளமில்லாமல், ஒரு நாள் லீவு போடாமல் பார்த்திருக்கிறது!

நான் வாயைப் பிளந்ததும் டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெளியே பதினேழு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். அவர் கவனிக்கவில்லை. தைராய்டு இருபது கிராம்கூடத் தேறாதாம். பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி குரல்வளைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறதாம். சாப்பாட்டில் வரும் துளி அயோடினைப் பிடித்து, நான்கு அயோடின் வைத்துத் தைராக்சின் என்ற சரக்கைச் செய்து ரத்தத்தில் அனுப்புகிறது. அது அவசரப்படாத சரக்கு. ஒரு வாரம் கழித்தும் பாதி மிச்சம் இருக்கும். ஈரலிலும் மற்ற இடங்களிலும் அதில் ஒரு அயோடினைக் கழற்றிவிடுகிறார்கள். மூன்று ஆனதும்தான் அதற்கு வேகம் பிறக்கிறது. ஆனால் அந்த மூன்று ரொம்ப நாள் தாங்காது.

"அட, தூளும் டீயும் மாதிரிங்க!" என்று நான் எழுந்தே விட்டேன். "தூளா மூட்டையில அனுப்பறோம், மாசக்கணக்கா கெடாது. குடிக்கற ஊட்டுல வெந்நி ஊத்தினாத்தான் டீ. ஊத்தினதை உடனே குடிச்சரணும்."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இதை நான் மெடிக்கல் காலேஜ்ல படிக்கறப்ப நீங்க எங்கே போயிருந்தீங்க?" என்றார்.

அந்த டீ ஒவ்வொரு செல்லின் நடுவறைக்குள்ளும் போய், எவ்வளவு வேகத்தில் எரி, எவ்வளவு வேகத்தில் கட்டு என்று சொல்கிறது. இதயம் எத்தனை தரம் அடிக்க வேண்டும், குடல் எவ்வளவு வேகத்தில் நகர வேண்டும், உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், மயிர் முளைப்பது, மூளை யோசிப்பது, எல்லாம் இதன் சொல். எமரால்டு அணையில் வாலோடு நீந்தும் தவளைக்குஞ்சு வாலை விட்டுக் கரையேறுவதும் இந்தச் சரக்கு உத்தரவு போட்ட பிறகுதானாம்.

"மூக்குங்க?" என்றார் ஜெஸிந்தா.  "மூக்கும் இதனாலதானுங்களா டாக்டர்?"

"சிலருக்கு வாசனையும் ருசியும் மங்கும். மருந்து சேர்ந்தா பெரும்பாலும் திரும்பி வரும். உறுதியாச் சொல்ல மாட்டேன்."

ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக்கொடுத்தார். நூறு மைக்ரோகிராம். உயிர் உள்ளவரை தினம் ஒன்று. வெறும் வயிற்றில் தண்ணீரோடு. அதன்பின் ஒரு மணி நேரம் டீ, காப்பி, பால், பலகாரம் எதுவும் உள்ளே போகக்கூடாது. போனால் மருந்து குடலில் சரியாகச் சேராது. ஆறு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம்.

மறுநாள் டீ ருசி பார்க்கும் மேஜையில், கப்புக்கு அளந்து போடும் சின்னத் தராசின் முன் நின்று நான் கணக்குப் போட்டேன். தினம் நூறு மைக்ரோகிராம், வருஷம் முப்பத்தாறரை மில்லிகிராம். நாற்பது வருஷம் விடாமல் விழுங்கினாலும் மருந்துச் சரக்கு ஒன்றரை கிராம்தான். ருசி பார்க்க நாங்கள் ஒரு கப்புக்குப் போடும் தூளே இரண்டரை கிராம். ஒரு மனுஷியின் நாற்பது வருஷத்துச் சூடு, நடை, கோபம், சிரிப்பு, மூக்கு எல்லாம் சேர்த்து ஒரு கப் தேயிலைக்கும் குறைவு! ஆறுக்குட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் நெடுநேரம் பார்த்தான். "அப்ப எனக்கு இதெல்லாம் எவ்வளவு ஓடுதுங்கண்ணா?" என்றான். "உனக்கு அரை கப்பு" என்றேன்.

ஆறு வாரம் போனது. ஒரு ஸ்வெட்டரும் கழறவில்லை. ரத்தம் கொடுத்தார். எழுபத்திரண்டு அறுபத்தைந்து ஆகியிருந்தது. ஈஸ்டருக்கு ஏழு வாரம்கூட இல்லை.

டாக்டர் தபித்தாள் நெற்றியைச் சுருக்கினார். "மாத்திரை விடாமப் போடறீங்களா?"

"ஒரு நாள் உடலீங்க."

"தண்ணியோட?"

"தண்ணியோடதானுங்க."

"அப்புறம் ஒரு மணி நேரம்?"

"பச்சத்தண்ணிகூட முழுங்கறதில்லீங்க, மாதா சத்தியமா."

பொய் சொல்லும் முகமா அது? டாக்டர், அடுத்த வியாழக்கிழமை வரை பார்த்துவிட்டு டோஸைக் கூட்டுவோம் என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் ஜெஸிந்தா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். "மருந்து எனக்குக் கேக்கல லிங்கண்ணா. பேக்கிங்குக்கே போயர்றேன்" என்றார்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு டிரையர் தூளின் சாம்பிளைக் கொடுக்க ருசி அறைக்குப் போனேன். முப்பத்தாறு வெள்ளைக் கிண்ணங்களில் முந்தின நாள் தூளில் போட்ட டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. ஜெஸிந்தா கரண்டியால் ஒவ்வொன்றிலும் அள்ளி, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பும் குடுவையில் துப்பினார். மேஜைக்கு மேலே எரிந்த பல்பின் வெளிச்சம் மப்ளர் விலகிய அவர் கழுத்தில் நேரே விழுந்தது.

உறிஞ்சினார். புடைப்பு ஏறி இறங்கியது. துப்பினார்.

அடுத்த கிண்ணம். ஏறி இறங்கியது. துப்பினார்.

நான் சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். டாக்டர் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னபோது ஆடிய அதே ஆட்டம்! மேஜை ஓரத்தில் மாத்திரை அட்டையும் காலி டம்ளரும் இருந்தன.

"ஏனுங்கம்மிணி, மாத்திரைய எங்க போடறீங்க?"

"இங்கதானுங்க. ஆறு மணிக்கு. ஊட்டுல எந்திரிச்சதும் டீ குடிச்சே பழக்கம், ஞாபக மறதியில குடிச்சுப்போடுவேன்னு பயந்து இங்க கொண்டாந்து வெச்சுட்டேன். ஊட்டு டீயவே நிறுத்திட்டேன்."

"இப்ப குடிக்கறது என்னங்க?"

"இது குடிக்கறதா? ருசி பாக்கறதுங்க!" முதல் தடவையாக அந்தக் கரகரத்த குரலில் பழைய ஜெஸிந்தா எட்டிப் பார்த்தார். "இருபது வருஷமா ஒரு சொட்டு என் தொண்டைக்குள்ள போனதில்ல. கடைசி சொட்டு வரைக்கும் துப்பறவ நான். கேளுங்க குன்னூர்ல!"

அதுதான் உண்மை. குன்னூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் தொழிலில் விழுங்குகிறவன் ருசிகாரனே இல்லை. அதனால்தான் அந்த அம்மிணிக்கு இது டீ குடிப்பதில் சேரும் என்று கனவிலும் தோன்றவில்லை.

"பந்தயமுங்களா?" என்றேன்.

துப்பும் குடுவையைக் கழுவித் துடைத்து வைத்தேன். கரண்டியை அளந்தேன், ஒரு கரண்டிக்குப் பத்து மில்லி. மீதியிருந்த இருபது கிண்ணங்களையும் பார்க்கச் சொன்னேன். வாய்க்குள் போனது இருநூறு மில்லி. முடிந்ததும் குடுவையை அளவுச்சாடியில் ஊற்றினேன். எண்பதுக்கு மேல் ஏறவில்லை.

"முப்பத்தாறு கிண்ணத்துக்குக் கணக்குப் போடுங்க அம்மிணி. தினம் மாத்திரைக்குப் பின்னாலேயே ஒரு முழு டம்ளர் டீ!"

ஜெஸிந்தா சாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கீழே வைத்தார். மறுபடியும் தூக்கிப் பார்த்தார். அவர் கேலிக்கு ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வாயில வெச்சா ஒண்ணுமே தெரியலீங்க லிங்கண்ணா" என்றார் மெதுவாக. "தொண்டைக்குள்ள இறங்கறப்ப மட்டும், பின்னாடியிருந்து கொஞ்சூண்டு வாசம் வரும். அதைத் தேடித் தேடித்தான் போல... எனக்கே தெரியாம."

நான் பந்தயத்தில் ஜெயித்ததைச் சொல்லிக் காட்டவில்லை. அன்று ஒருநாள் மட்டும்.

டாக்டர் தபித்தாளுக்கு ஃபோன் போட்டோம். நடந்ததைச் சொன்னோம். மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு. "டோஸ் கூட்ட வேண்டாம். மாத்திரைய வீட்டுல வெச்சு நாலரைக்கே போட்டுருங்க. மேஜைக்கு ஆறு மணிக்கு முன்னாடி போகாதீங்க. லிங்கசாமிகிட்டக் குடுங்க ஃபோனை" என்றார். வாங்கினேன். "கழுத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சீங்களா?" என்றார். "ஆமாங்க." "நீங்க நெஞ்சுவலின்னு வந்தப்பவே நினைச்சேன், சரியான போக்கிரின்னு." அந்தப் பட்டத்தை நான் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது அந்த மைக்ரோகிராம்கள் வேலையைக் காட்டின. மூன்றாம் வாரம் ஒரு ஸ்வெட்டர் கழன்றது. நான்காம் வாரம் படியில் காலடிச் சத்தம் கேட்டு, யாரோ புது ஆள் ஓடி வருகிறார் என்று நினைத்தேன், ஜெஸிந்தா. ஐந்தாம் வாரம் இன்னொரு ஸ்வெட்டர் போனது, ஆறுக்குட்டியின் மூன்று தலைமுறையும் சந்திக்கு வந்தது. அவன் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். "திட்டறாங்கண்ணா! அம்மிணி நல்லாத் திட்டறாங்கண்ணா!" என்று ஃபேக்டரி முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினான்.

மூக்கு மட்டும் வரவில்லை. ஆறாம் வாரமும் போயிற்று. ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை காலை ஜெஸிந்தா டிரையர் பக்கமாக விறுவிறுவென்று போனார். நான்கு எட்டு வைத்ததும் நின்றார். திரும்பி வந்து என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"லிங்கண்ணா, தவக்காலம் அதுவுமா உங்கூட்டுல நேத்துக் கருவாடுங்களா?"

"நாங்க இந்துங்க அம்மிணி, எங்களுக்கென்ன" என்று சொல்லி முடிக்கும்போதுதான் அவர் என்ன கேட்டார் என்பது எனக்கு உறைத்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்குத் தெரிந்து கருவாட்டு வாசனைக்காக யாரும் அப்படி முகம் மலர்ந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை முதலாளி வந்தார். மேஜையில் பத்துக் கிண்ணம். சில்வஸ்டர் பேனா அடுக்கினார், பதினொன்று. நானும் ஆறுக்குட்டியும் கதவோரம் நின்றோம். ஜெஸிந்தா ஒரே ஒரு ஸ்வெட்டரோடு, கரண்டியைச் சுண்டிவிட்டு முதல் கிண்ணத்தில் இறக்கினார்.

எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். நான் கழுத்தைப் பார்த்தேன். சர்ரென்று உறிஞ்சினார். சுழற்றினார். புடைப்பு அசையவில்லை. கம்பி போலத் துப்பினார்.

அவர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

"இது நல்லா இருக்குதுங்க. இது அஞ்சு நிமிஷம் முந்தி எடுத்தது, பச்சையா இருக்குது. இது பிந்திருச்சு. இது ஜனவரியில என் கையால புளிச்சது சார், இதையும் வெச்சிருக்கீங்களா?" சில்வஸ்டர் ஒரு பேனாவைக் கீழே போட்டார். ஒன்பது கிண்ணம் இப்படியே போனது. முதலாளி கையிலிருந்த சீட்டைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார்.

பத்தாவது கிண்ணத்தில் ஜெஸிந்தா நின்றார். இன்னொரு தடவை உறிஞ்சினார்.  கழுத்து அசைந்துவிடுமோ என்று பார்த்தேன். அசையவில்லை. துப்பினார்.

"இலையில குறை இல்லீங்க. எடுத்த நேரமும் சரியானதுங்க. ஆனா டிரையர்ல சூடு நடுவுல இறங்கியிருக்குது. அரைவேக்காடு. பத்து நிமிஷம் யாரும் கவனிக்கல." மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "போன சனிக்கிழமைத் தூளுங்க இது. அன்னிக்கு டிரையர்ல யாருங்க?"

சனிக்கிழமை மத்தியானம் ஆறுக்குட்டியை அடுப்பு முன்னால் உட்காரவைத்து, பிட்யூட்டரி எப்படி ஒரு நொடியும் அசராமல் சூட்டைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது என்று நான்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். நான் கத்தவில்லை, அவன் விறகு போடவில்லை. சூடு காட்டும் முள் இறங்கியதை இருவருமே பார்க்கவில்லை.

முதலாளி சீட்டைப் பார்த்தார். "சரியாத்தான் சொல்றாங்க. யாருப்பா டிரையர்?"

"நானுங்க!" என்றேன். அப்படி ஒரு சந்தோஷத்தோடு தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆளை அவர் அதற்கு முன்னும் பின்னும் பார்த்திருக்க மாட்டார்.